சின்னப் படகு, கொந்தளிக்கும் கடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சாங்கிப் பக்கம் பாய் விரித்துப் பழகியவரிடம் ஒரு படகுக்காரர், "கோக்கோஸ் வரைக்கும் ஆள் வேணும், வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டால் போதும், அடுத்த வாரம் முழுக்கச் சந்தேகம்தான். கேட்பவர் யாராக இருந்தாலும் கேள்விகள் அநேகமாக ஒன்றே. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

இங்கே படகு என்றால் 10 முதல் 12 மீட்டர் நீளமுள்ள, ஒற்றை உடல் கொண்ட பாய்மரப் படகு. அதில் மூன்று அல்லது நான்கு பேர். மனத்தில் வைத்திருக்கும் பாதை, சிங்கப்பூரிலிருந்து சுந்தா நீரிணை வழியாகக் கோக்கோஸ் (கீலிங்) தீவுகள், அங்கிருந்து மொரீஷியஸுக்கு முன்னால் உள்ள ரோட்ரிக்ஸ் தீவு. இரண்டாவது பகுதி மட்டுமே ஏறத்தாழ 2,000 கடல் மைல். நடுவில் ஒதுங்க நிலமே கிடையாது. காற்றையும் வேகத்தையும் நாட் கணக்கில் சொல்கிறோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

நாலு மீட்டர் அலைன்னா ஒன்றரை மாடி உயரம். படகு கவிழ்ந்துடாதா?

அலையின் உயரம் மட்டும் படகைக் கவிழ்ப்பதில்லை. நீளமான அலை எவ்வளவு உயரமாக வந்தாலும் படகு லிஃப்டில் ஏறுவதுபோல ஏறி இறங்கிவிடும். பயப்பட வேண்டியது உச்சி உடைந்து வெள்ளையாகச் சரியும் அலைக்கு. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் தொட்டியில் மாதிரிப் படகுகளை வைத்துச் சோதித்தார்கள். படகின் நீளத்தில் 30 விழுக்காடு உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் தாக்கினால் சில படகுகள் புரண்டன. 60 விழுக்காட்டில் எல்லாமே புரண்டன. 12 மீட்டர் படகுக்கு முதல் கணக்கு 3.6 மீட்டர். ஆகவே உடையும் அலைக்குப் பக்கத்தைக் காட்டாமல் இருப்பதுதான் சுக்கான் பிடிப்பவரின் முதல் வேலை. புரண்டாலும், அடியில் தொங்கும் ஈய எடை படகைத் திரும்ப நிமிர்த்தும். அதற்குள் தண்ணீர் உள்ளே போகாதபடி கதவுப் பலகைகளும் மேல்மூடிகளும் பூட்டியிருக்க வேண்டும்.

வானிலை அறிக்கையில் "அலை 3 மீட்டர்" என்று இருந்தால் எல்லா அலையும் 3 மீட்டர் என்று பொருளல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. நாள் முழுக்கக் கடலில் இருந்தால் அதைப்போல இரு மடங்கு வரை உள்ள ஓர் அலையையாவது சந்திக்கலாம். 3 என்று படித்தால் 6-க்குத் தயாராகுங்கள்.

எந்த மாசம் போனா கடல் சும்மா இருக்கும்?

எந்தக் கடல் என்பதைப் பொறுத்தது. தென்சீனக் கடலில் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வாடைக்காலம். வடகிழக்கிலிருந்து வரும் காற்று மலேசியாவின் தியோமான் தீவுப் பக்கத்தைக் கலக்கிவிடும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். அதனால் கோக்கோஸ்–ரோட்ரிக்ஸ் பயணத்தை ஜூன் முதல் அக்டோபருக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அப்போது புயல் மிக அரிது, ஆனால் தென்கிழக்குக் காற்று 20 முதல் 25 நாட்டில் நாள்கணக்காக வீசும். அத்துடன் தொலைதூரத் தென்கடலில் கிளம்பிய அலை தென்மேற்கிலிருந்து குறுக்கே வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் படகு ஒரே தாளத்தில் ஆடாது. மூன்று முறை மெதுவாக ஆட்டிவிட்டு நான்காவது முறை சட்டென்று உதறும். இந்தப் பாதையில் ஆள்களைக் களைக்க வைப்பது காற்றின் வேகத்தைவிட இந்த உதறல்தான்.

நம்ம ஊர் பூமத்தியரேகை பக்கத்துல இருக்கு, புயலே வராதுங்கறாங்களே?

மிக அரிது, அவ்வளவுதான். 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமெய் என்ற புயல் வடக்கே ஏறத்தாழ ஒன்றரை டிகிரியில், நமக்கு அருகிலேயே ஜொகூரில் கரையேறியது.

இங்கே அடிக்கடி வருவது சுமத்ரா ஸ்குவால் என்னும் திடீர்ச் சூறைக்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடிவதற்கு முன்பிருந்து நண்பகலுக்குள், மேற்கிலிருந்து வரும். வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். மேற்கு வானில் கறுத்த வில் போல மேகம் தெரிந்து, வெக்கை நின்று திடீரென்று குளிர்காற்று பட்டால் சில நிமிடங்களே இருக்கின்றன. பெரிய பாயை இறக்குங்கள், முன்பாயைச் சுருட்டுங்கள், இயந்திரத்தை ஓட்டுங்கள், கப்பல் பாதையை விட்டு விலகுங்கள். மழை கொட்டும்போது ரேடாரே வெள்ளையாகிவிடும். சிங்கப்பூர் நீரிணையில் அந்த நேரத்தில் கப்பல் பாதைக்குள் இருப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

எனக்கு செந்தோசா ஃபெர்ரியிலயே தலை சுத்தும். நான் வரலாமா?

வரலாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். அந்த மூன்று நாளைக் கடப்பதற்குத்தான் திட்டம் வேண்டும். மாத்திரையை வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது. சின்னரிசைன் என்றால் பெரியவர்களுக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு 30 மில்லிகிராம், பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கிவிடும். எதுவானாலும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள், கரையில் ஒருநாள் போட்டுப் பாருங்கள். சிலருக்குத் தூக்கம் அடித்துப்போட்டுவிடும், அப்படிப்பட்டவரைக் காவலில் உட்கார வைக்க முடியாது.

மற்றபடி, முதல் நாள் கேபினில் குனிந்து எதையும் தேடாதீர்கள். வேண்டியதை எல்லாம் முந்தின இரவே கைக்கு எட்டும் பையில் போட்டுவிடுங்கள். வெளியே உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானைப் பிடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் படகின் நடுவில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுங்கள். இரண்டும் இல்லாமல் கேபினில் சாய்ந்து உட்காருவதுதான் மோசம். வாந்தி வந்தால் வாளியில் எடுங்கள். கம்பிக்கு வெளியே தலையை நீட்டி எடுக்கப்போய் கடலில் விழுந்தவர்கள் உண்டு.

வாந்தியைவிட அபாயம் உடம்பில் தண்ணீர் வற்றுவது. ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய் குடியுங்கள். மடக்மடக்கென்று குடித்தால் அப்படியே திரும்பி வரும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்துக்கு வந்தாலோ எட்டு மணி நேரம் போகாமலே இருந்தாலோ படகின் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

ராத்திரி முழுக்க யாராவது முழிச்சிருக்கணுமா? தானா ஓட்டுற கருவி இருக்கே?

கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கண்காணிக்க வேண்டும் என்பது கடல் போக்குவரத்து விதி. கணக்கையும் பாருங்கள். எதிரே வரும் கப்பல் 20 நாட், நீங்கள் 6 நாட். ஐந்து கடல் மைல் தூரத்தில் அதன் விளக்கு கண்ணில் பட்டால் 12 நிமிடத்துக்குள் அது உங்கள் பக்கத்தில் இருக்கும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிலும் முழு வட்டம் பார்க்க வேண்டும். படகு அலையின் பள்ளத்தில் இருக்கும்போது பார்ப்பதில் பயனில்லை, தண்ணீர்ச் சுவர்தான் தெரியும். முகட்டில் ஏறும் அந்த இரண்டு மூன்று விநாடியில் பாருங்கள்.

மூன்று பேர் என்றால் மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. கடல் மோசமானால் இரண்டுக்கு நான்கு. தேசிய சேவையில் இரவுக் காவல் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே போலவே, தாமதமாக வந்து மாற்றிவிடுபவர்மேல் எல்லாருக்கும் மனக்கசப்பு வளரும். ஐந்து நிமிடம் முன்னதாக, ஹார்னஸ் (படகோடு பிணைத்துக்கொள்ள உடம்பில் மாட்டும் பட்டை) மாட்டி, தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாருங்கள். மாறும்போது மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்தத் திசை, சுற்றிலும் என்ன கப்பல், காற்று ஏறுகிறதா இறங்குகிறதா.

அந்த ஆட்டத்துல எப்படித் தூங்குறது?

முன்பக்க அறையை மறந்துவிடுங்கள். துறைமுகத்தில் நிற்கும்போது அதுதான் வசதியான படுக்கை. கடலிலோ அங்கே படுத்தால் ஒவ்வோர் அலைக்கும் உடம்பு மெத்தையை விட்டு எழும்பும். படகின் நடுவில், தரைக்குப் பக்கத்தில் உள்ள ஒடுக்கமான பலகைதான் நல்ல இடம். அதன் ஓரத்தில் கெட்டித்துணியைத் தொட்டில்போல மேலே இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டு உங்கள் முழு எடையையும் உதறலோடு சேர்த்துத் தாங்க வேண்டும். கிளம்பும் முன் அதில் உருண்டு பாருங்கள். படகின் முன்பக்கம் காலை நீட்டிப் படுங்கள். படகு அலையில் மோதித் திடீரென நின்றால் காலால் தாங்கலாம், தலையால் தாங்க முடியாது. முதுகுக்கும் சுவருக்கும் இடையில் தலையணையைத் திணித்துக்கொண்டால், உருளாமலிருக்கத் தசைகள் இறுகிக்கொண்டே இருப்பது நிற்கும். உண்மையான தூக்கம் அப்போதுதான் வரும்.

சத்தம் பழகிவிடும். பழகாத சத்தம்தான் எழுப்பும், அது நல்லதே. தூக்கம் வராவிட்டாலும் ஓய்வு நேரத்தில் கண்ணை மூடிக் கிடந்தே ஆகவேண்டும். பழக்கமில்லாதவர்கள் முதல் இரவு ஆர்வத்தில் மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டாம் இரவு காவலில் உட்கார்ந்தபடி தூங்கிவிடுகிறார்கள்.

சாப்பாடு? வெறும் மெகி மீயா?

முதல் மூன்று நாளுக்கு யாரும் சமைக்க நினைக்க வேண்டாம். புளியோதரை, எண்ணெய் தடவிச் சுட்ட சப்பாத்தி, வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்கு எல்லாம் கரையிலேயே செய்து ஆளுக்கொரு டப்பாவாகப் பிரித்துவிடுங்கள். வயிறு ஒப்புக்கொள்ளாதவருக்கு வெறும் பிஸ்கெட், பொட்டுக்கடலை, அரிசிக் கஞ்சி.

நம் சமையலில் ஒரே ஒரு விஷயத்தைக் கடலில் அறவே விட்டுவிட வேண்டும்: தாளிப்பு. கொதிக்கும் எண்ணெய் திறந்த வாணலியில், தரை 25 டிகிரி சாய்ந்து ஆடும் இடத்தில். இதைவிட எளிதாகக் காயம் வாங்கும் வழி படகில் கிடையாது. புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, தாளித்துக் காயவைத்த பருப்புப்பொடி, வத்தக்குழம்பு விழுது ஆகியவற்றை வீட்டில் செய்து பிளாஸ்டிக் புட்டிகளில் அடைத்துக்கொள்ளுங்கள். தேக்கா சந்தைக்கு ஒரு நடை போனால் மிச்சம் எல்லாம் கிடைக்கும். படகில் செய்வது வேகவைப்பது மட்டும். மூன்று லிட்டர் பிரஷர் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், வெந்நீர் போட்டாலும் மூடியைப் பூட்டியே அடுப்பில் வையுங்கள்; குக்கர் கவிழ்ந்தாலும் சிந்தாது. அடுப்பு ஆடும் சட்டத்தில் தொங்கும், பாத்திரத்தை இருபக்கமும் கவ்வி நிறுத்தும் கம்பிகள் இருக்கும். நீங்கள் அடுப்புக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரத்தில் இடுப்புப் பட்டையை மாட்டி நில்லுங்கள். மழைக்கால்சட்டையும் காலணியும் போட்டுக்கொண்டு சமையுங்கள், புழுக்கமாக இருந்தாலும். சுடுநீர் கொட்டினால் தோலில் படாமல் வழிந்துவிடும். கொட்டியே விட்டால் இருபது நிமிடம் குளிர்ந்த நீர், கடல்நீரும் ஆகும்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிக்குழியில் போய்த் தேங்கிப் பொறிக்குக் காத்திருக்கும். சமைத்து முடித்ததும் உருளையின் வாயிலேயே மூடுங்கள். குழாயில் இருப்பது எரிந்து தீர்ந்து அடுப்பு தானாக அணையட்டும்.

சாப்பிட ஆழமான கிண்ணம், கரண்டி. தட்டு வேண்டாம். பாதிக்கு மேல் பரிமாற வேண்டாம். காவலில் இருப்பவருக்கு இரவு ஒரு ஃபிளாஸ்க் இஞ்சித் தேநீர் வைத்துவிட்டுப் படுக்கப் போகும் ஆளைத்தான் அடுத்த பயணத்துக்கும் கூப்பிடுவார்கள்.

எவ்வளவு தண்ணி எடுத்துக்கணும்?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர். கோக்கோஸிலிருந்து ரோட்ரிக்ஸுக்கு 16 நாள் என்று வைத்தால் மூன்று பேருக்கு 192 லிட்டர். பாதிப் பங்கு கூடுதலாகச் சேர்த்தால் 288. உப்புநீரை நன்னீராக்கும் இயந்திரம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் அது கெட்டுப்போவதும் கடல் மோசமாக இருக்கும்போதுதான். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். ஓர் இணைப்பு விட்டுவிட்டால் அத்தனையும் அடிக்குழிக்குப் போய்விடும். கேன்களைப் பத்தில் ஒன்பது பங்குதான் நிரப்ப வேண்டும், கடலில் விழுந்தால் நன்றாக மிதக்கும்.

குளிப்பது கடல்நீரில். கடைசியில் ஒரு குவளை நன்னீர் விட்டு உப்பைத் துடைத்தெடுங்கள். இதைச் செய்யாதவருக்கு என்ன ஆகும் என்பது புண் பற்றிய பதிலில் வருகிறது.

கேக்கவே கூச்சமா இருக்கு. டாய்லெட்?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆண்களும் உட்கார்ந்துதான். நின்றால் இரண்டு கையும் பிடித்துக்கொள்ளவே போதாது. உட்காரும் முன் ஒரு காலை எதிர்ச்சுவரில் ஊன்றும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கழிவறைக் குழாயின் கடல் வால்வுகளை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். சாய்ந்து ஓடும் படகில் திறந்திருந்தால் கடல்நீர் திரும்பி வந்து தொட்டியை நிரப்பித் தரையில் வழியும். அடிப் பலகைக்கு மேல் தண்ணீர் வந்த பிறகுதான் சிலர் காரணத்தைத் தேடுகிறார்கள். கடல் மிக மோசமென்றால் கால்வாசி தண்ணீர் ஊற்றிய வாளியைக் கேபின் தரையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இரவில் காக்பிட்டின் (சுக்கான் பிடிப்பவர் உட்காரும் திறந்த இடம்) ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கும் பழக்கத்தை எந்தப் படகிலும் அனுமதிக்கக் கூடாது. மலச்சிக்கல் எல்லாருக்கும் வரும். உலர்ந்த அத்திப்பழம், தண்ணீர். மாதவிடாய்ப் பொருள்களை இரண்டு சுற்றுக்கு எடுத்து, நீர்புகாப் பைகள் இரண்டில் பிரித்து வையுங்கள். எதையும் கழிவறைக் குழாயில் போடக்கூடாது, காகிதத்தையும் சேர்த்து.

எனக்கு நீச்சல் சுமாராத்தான் வரும். அது பெரிய குறையா?

கற்றுக்கொள்வது நல்லது. ஆனால் ஆறு நாட்டில் விலகும் படகை எந்த நீச்சல்காரரும் பிடிக்க முடியாது. விழாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. படகின் இருபக்கமும் முன்னிருந்து பின்வரை தட்டையான நாடா ஒன்று இறுக்கிக் கட்டியிருக்கும். கம்பிக்குப் பதில் நாடா, ஏனென்றால் கம்பி காலடியில் உருளும். உங்கள் ஹார்னஸிலிருந்து போகும் வாரில் ஒரு மீட்டரில் ஒன்று, இரண்டு மீட்டரில் ஒன்று என இரண்டு கொக்கிகள். படிக்கட்டில் நிற்கும்போதே ஒன்றை மாட்டிவிட்டுத்தான் வெளியே காலை வைக்க வேண்டும். உள்ளே இறங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும். இடம் மாறும்போது புதியதை மாட்டிய பின் பழையதை எடுங்கள். முடிந்தவரை குட்டை வார். நீளமான வாரில் விழுந்தால் படகோடு இழுபட்டுத் தண்ணீர் குடிப்பீர்கள்.

மிதவைச் சட்டை 150 நியூட்டன் வகையாக, கால்களுக்கிடையே போகும் பட்டையோடு இருக்கட்டும். அந்தப் பட்டை இல்லாமல் ஊதினால் சட்டை மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள். வாரம் ஒருமுறை திறந்து வாயு உருளை இறுகியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். ஆட்டத்தில் அது தானாகத் தளரும்.

அப்படியும் ஒருத்தர் விழுந்துட்டா?

பார்த்தவர் கத்த வேண்டும், கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. மூன்று மீட்டர் அலையில் ஒரு தலை சில விநாடியில் மறைந்துவிடும். இன்னொருவர் மிதவையையும் விளக்குக் கம்பத்தையும் எறிந்து, வழிகாட்டிக் கருவியில் ஆள்விழுந்த பொத்தானை அழுத்தி, படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்த வேண்டும். இயந்திரத்தை ஓட்டுமுன் கயிறு ஏதும் தண்ணீரில் தொங்குகிறதா என்று பாருங்கள். அது இயந்திரத்தின் சுழலியில் சுற்றிக்கொண்டால் ஒன்றுக்கு இரண்டு ஆபத்து.

கடினமானது பக்கத்தில் வந்த பிறகுதான். நனைந்த ஒருவரைக் கையால் தூக்கவே முடியாது. பாயை ஏற்றும் கயிற்றை இறக்கி அவர் ஹார்னஸில் மாட்டி, வின்ச் என்னும் கயிறு இழுக்கும் உருளையில் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். கிளம்பும் முன், அமைதியான நீரில், படகிலேயே கனமான ஆளை வைத்து இதைச் செய்து பாருங்கள். மூன்று பேரில் சின்னவர் தனியாகச் செய்து காட்டும்வரை பயிற்சி முடியவில்லை.

பாயை எப்போ சுருக்கணும்?

"சுருக்கலாமா?" என்று தோன்றியபோதே. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடியில் ஏறும். 20 நாட் 28 ஆனால் பார்க்க எட்டுதான் கூடியிருக்கிறது, விசை இரட்டிப்பாகியிருக்கிறது. பெரும்பாலான படகுகளில் 18–20 நாட்டில் முதல் சுருக்கு, 25-இல் இரண்டாவது, 30-ஐத் தாண்டினால் மூன்றாவது. பின்காற்றில் ஓடும்போது ஏமாறுவது எளிது, ஏனென்றால் படகின் வேகம் கழிந்து காற்று மெலிதாகத் தோன்றும். திரும்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இருட்டுவதற்கு முன்பே ஒரு சுருக்கு கூடுதலாகப் போட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு நாட் வேகம் குறையும், நடு இரவில் தூங்குபவரை எழுப்ப வேண்டியிருக்காது.

எல்லாரும் களைச்சுட்டோம், இன்னும் மூணு நாள் இருக்கு. கடல்ல 'பிரேக்' போட முடியுமா?

முடியும், இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் பெருங்கடலுக்குப் போகக் கூடாது. ஹீவ் டு என்பார்கள். பெரிய பாயை நன்றாகச் சுருக்கி, முன்பாயையும் சிறிதாக்கி, முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமலே படகைக் காற்றின் குறுக்கே மறுபக்கம் திருப்ப வேண்டும். முன்பாய் இப்போது தப்பான பக்கத்தில் உப்பிப் படகின் மூக்கைக் காற்றைவிட்டுத் தள்ளும். சக்கரத்தைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டால் சுக்கான் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று அடக்க, படகு காற்றுக்கு 50–60 டிகிரியில் சாய்ந்து, ஒன்று அல்லது இரண்டு நாட்டில் பக்கவாட்டில் நகரும். சுக்கான் தண்டு இருக்கும் படகென்றால் தண்டை எதிர்ப்பக்கம் தள்ளிக் கட்ட வேண்டும்.

முதல்முறை இதைச் செய்து பார்ப்பவர்கள் அந்த அமைதியை நம்பமாட்டார்கள். அதே கடல், அதே காற்று. ஆனால் கத்தாமல் பேசலாம், சோறு வைக்கலாம், ஆறு மணி நேரம் தூங்கலாம். படகு தாங்கும் அளவுக்கு மனிதர்கள் தாங்குவதில்லை. தூங்காத மனிதர் எடுக்கும் தவறான முடிவுதான் நல்ல படகை அழிக்கிறது. அரை நாளை இழக்கத் தயங்காதீர்கள். காவல் மட்டும் தொடர வேண்டும்.

உடையும் அலைகள் முதல் பதிலில் சொன்ன உயரத்தை எட்டினால் இது போதாது. அப்போது பின்பக்கத்திலிருந்து ட்ரோக் (நீரில் இழுபட்டுப் படகின் வேகத்தைக் குறைக்கும் கருவி) விட்டு, அலைக்கு முதுகைக் காட்டி மெதுவாக ஓட வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட சிறு துணிக்கூம்புகள் கோத்த நீளக் கயிற்று வகை நன்றாக இழுத்துப் பிடிக்கும். ஆனால் இருபக்கமும் அதைக் கட்டும் இடம் படகின் எடைக்கு ஏற்ப வலுவாகப் பதித்திருக்க வேண்டும்.

தரைப்பலகைக்கு மேல தண்ணி வந்தா என்ன பண்றது?

முதலில் விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். இனித்தால் உங்கள் குடிதண்ணீர். அவசரம் வேறு வகை. உப்பென்றால் கடல்நீர். கழிவறை வால்வு, சுழலித் தண்டின் அடைப்பு, நங்கூரச் சங்கிலி அறை, சுக்கான் தண்டு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே ஒன்றரை அங்குலக் குழாய் கழன்றாலே நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் வரும். கைப்பம்பு ஈடுகொடுக்காது. அதனால்தான் ஒவ்வொரு வால்விலும் அதன் அளவுக்கேற்ற கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தேட வேண்டியதில்லை, அடித்துச் சொருக வேண்டியதுதான். காவல் மாறும்போது அடிக்குழியைத் திறந்து பார்த்துக் குறித்து வைத்தால் விஷயம் இவ்வளவு தூரம் வராது.

பின்னாடியெல்லாம் புண்ணு வரும்ங்கறது நிஜமா?

நிஜம். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கடல்நீரில் நனைந்த துணி காய்ந்ததுபோல் இருக்கும், இரவில் மறுபடி ஈரமாகும். அதை உடுத்திப் பல மணி நேரம் உட்கார்ந்தால் தோல் ஊறிக் கொப்புளிக்கும். குளித்தபின் ஒரு குவளை நன்னீர் என்று சொன்னது இதற்காகத்தான். துத்தநாகக் களிம்பு தடவுங்கள், தளர்வான துணி உடுத்துங்கள், ஓய்வு நேரத்தில் காற்றுப் படுங்கள். ஒரு முழு உடுப்பைக் காற்றெடுத்த பையில் அடைத்துப் படுக்கைக்கு மட்டும் என்று ஒதுக்கி வையுங்கள். நனைந்த உடையோடு படுக்கையில் ஏறினால் மெத்தையில் உப்பு ஏறும், பிறகு பயணம் முடியும்வரை யாருக்கும் உலர்ந்த தூக்கம் இல்லை.

அம்மா தினமும் மெசேஜ் கேக்கறாங்க. ஒரு நாள் வரலைன்னா போலீசுக்குப் போவாங்க!

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இப்போது பல படகுகளில் உண்டு. ஆனால் "தினமும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கருவி நனையும், மின்சாரம் தீரும். படகின் பெயர், நிறம், ஆள்கள், பாதை, எதிர்பார்க்கும் நாள் எல்லாம் எழுதிய தாளை வீட்டில் கொடுத்து, "இரண்டு நாள் செய்தி இல்லையென்றால் கவலைப்படாதீர்கள், இந்தத் தேதி தாண்டினால் இந்த எண்ணை அழையுங்கள்" என்று தெளிவாக எழுதிவையுங்கள். சிங்கப்பூர் அருகே தேடல், மீட்பு வேலையை ஒருங்கிணைப்பது கடல்துறை, துறைமுக ஆணையம். கோக்கோஸ் பகுதி ஆஸ்திரேலியாவின் பொறுப்பில் வரும்.

உண்மையான ஆபத்துக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி இருக்கிறது. அது உங்கள் படகின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், வீட்டுத் தொலைபேசி எண்ணும் சரியாக இருக்க வேண்டும். அது சமிக்ஞை அனுப்பியதும் மீட்பு மையம் முதலில் அழைப்பது அந்த எண்ணைத்தான். அருகே கப்பல் இருந்தால் வானொலியில் 16-ஆம் அலைவரிசை.

ரொம்ப மோசமானா லைஃப்ராஃப்ட்ல ஏறிடலாம்ல?

படகு மூழ்கும்போது மட்டும். 1979-இல் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்த ஃபாஸ்ட்நெட் போட்டியில் 303 படகுகள் கிளம்பின, புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். 24 படகுகளை ஆள்கள் கைவிட்டார்கள். அவற்றில் மூழ்கியவை ஐந்தே. மற்றவை பிறகு மிதந்தபடி கிடைத்தன. ஆனால் லைஃப்ராஃப்ட் எனும் ரப்பர் மிதவைகளில் ஏறியவர்களில் சிலர் உயிரோடு கிடைக்கவில்லை. படகு உங்கள் காலுக்குக் கீழே போய், மிதவைக்குள் மேல்நோக்கி ஏற வேண்டிய நிலை வரும்வரை படகில் இருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஒருத்தர் பயந்துபோய்ப் பேசாம சுருண்டு படுத்துட்டா என்ன செய்யறது?

முதலில் அது பயம்தானா என்று பாருங்கள். பாதி நேரம் தண்ணீர் வற்றியதும் தூக்கமின்மையும்தான் அப்படிக் காட்டும். கஞ்சியும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்து ஆறு மணி நேரம் தூங்க விடுங்கள். பிறகு சின்ன வேலை ஒன்று: மணிக்கு ஒருமுறை இடத்தையும் காற்றழுத்தத்தையும் குறிப்பேட்டில் எழுதுவது போல. "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். அந்தச் சத்தம் எதனால் வருகிறது, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள். காவலில் அவரைத் தனியே விடாமல், முதல் ஒரு மணி நேரம் ஒருவர் கூட உட்காருங்கள்.

ஊர் விளக்கு தெரியுது, ராத்திரி ஒன்பது மணி. நேரா உள்ள போயிடலாமா?

வேண்டாம். பதினைந்து நாள் கடலைத் தாங்கிய படகுகள் கடைசி ஒரு மைலில் பவளப்பாறையில் உட்காருவது இந்த நேரத்தில்தான். எல்லாரும் களைத்திருப்பீர்கள், கோழிக்குழம்பு நினைப்பு வந்திருக்கும், தெரியாத நுழைவாயிலின் விளக்குகள் ஊர் விளக்குகளோடு கலந்து தெரியும். காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகும் பக்கம் கரை இல்லாதபடி பத்துப் பன்னிரண்டு மைல் வெளியே போய், முன்பு சொன்னபடி ஹீவ் டு செய்து, விடியும்வரை காத்திருங்கள். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் உயரமாக இருந்தால் ஆழமற்ற இடம் பழுப்பாகவும் ஆழம் நீலமாகவும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே போகுமுன் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து, நங்கூரத்தைக் கட்டிலிருந்து அவிழ்த்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் தொட்டியின் அடியிலிருந்த கசடு கலங்கி எரிபொருள் வடிகட்டியை அடைத்திருக்கும். அடைத்திருந்தால் அது வெளியிலேயே தெரியட்டும்.